இலையில் ஓட்டை விழட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் பள்ளித் தோட்டங்களுக்கான போட்டி ஒன்றுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை, வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். கையில் ஒரு மதிப்பெண் தாளைக் கொடுத்தார்கள். தூய்மைக்கு இத்தனை, ஒழுங்குக்கு இத்தனை என்று போய், கடைசி வரியில் 'பூச்சித் தாக்குதல் இல்லாமை – 10' என்று இருந்தது.

ஒரு பள்ளியில் வரவேற்பு பலமாக இருந்தது. செங்கல்லைச் சாய்த்துப் புதைத்து, காவியும் வெள்ளையும் அடித்து, நடுவில் டுரான்டா, குரோட்டன்ஸ் என்று வெளிநாட்டு அலங்காரச் செடிகளை வைத்திருந்தார்கள். ஒரு இலை வரிசையை விட்டு வெளியே நீட்டவில்லை. சுற்றிப் பார்த்து முடித்த பிறகு, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் முந்தானையைத் தொட்டு, "டீச்சர், இன்னொன்னு இருக்கு" என்றாள். கழிப்பறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. பாதி இலைகளைக் காணோம், மீதி இலைகளில் ஓரமெல்லாம் கடி. "இது முன்னாடிதான் இருந்துச்சு டீச்சர். நீங்க வரீங்கன்னு இங்க கொண்டாந்து வெச்சுட்டாங்க."

குனிந்து பார்த்தேன். ஒரு இலையின் நடுவில் குருவி எச்சம் போல, பழுப்பும் வெள்ளையுமாக ஒரு துளி. எச்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பறவையும் அப்படித்தான் ஏமாறும். அது சின்னப் புழு. கொஞ்சம் தள்ளி, காம்போடு காம்பாக, நல்ல பச்சை நிறத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு இன்னொன்று. அதே புழுதான், வளர்ந்தது. பிள்ளை ஒரு புல்லை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் லேசாகத் தொட்டாள். சட்டென்று சிவப்பாக, பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்த ஒரு கொம்பு வெளியே வந்தது. கூடவே ஒரு வாடை. "அழுகின ஆரஞ்சு மாதிரி இல்ல டீச்சர்?" என்று கேட்டாள். முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், அந்த வாடைக்கு இவ்வளவு சரியான வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை.

நான் அந்தத் தாளில் 'தாக்குதல் இல்லாமை' என்பதை அடித்து, 'பூச்சி வருகை' என்று எழுதி, அந்தக் குடத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை. சரி, போகட்டும்.

பள்ளியிலும் பூங்காவிலும் ஊர்ப் பொது இடங்களிலும் நம் மண்ணின் செடிகளை வைக்க வேண்டும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் எதற்காக வைக்கிறோம் என்பதை மறந்துவிட்டு வைத்தால், டுரான்டா இருந்த இடத்தில் நொச்சி நிற்கும், அதையும் வாரம் ஒருமுறை கத்தரித்து மருந்து அடிப்போம். தின்னக் கொடுப்பதற்காகத்தான் இந்தச் செடிகளை வைக்கிறோம். இலையில் ஓட்டை விழ வேண்டும்.

புழுக்களில் பெரும்பாலானவை வாய்க்கு வந்ததைத் தின்பவை அல்ல. கறிவேப்பிலையில் நாங்கள் பார்த்தது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. அது எலுமிச்சை, வில்வம் என்று அந்தக் குடும்பத்துக்குள்ளேயேதான் சுற்றும். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன். சரக்கொன்றைத் தளிரில் ஒரு இளமஞ்சள் வண்ணத்துப்பூச்சி. டுரான்டா பூவுக்கும் வண்ணத்துப்பூச்சி வரும், இல்லை என்று சொல்லவில்லை. தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டை வைக்க வேறு இடம்தான் தேட வேண்டும். டீக்கடை இருக்கிற தெருவில் குடியிருக்க ஒரு வீடும் இல்லாத மாதிரி.

இந்தக் கறிவேப்பிலை அழகியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அதன் பெண் பூச்சிகளில் சில, கருப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளிகளோடு, சிவப்புடல் அழகி என்ற வேறொரு பூச்சியைப் போலவே வேஷம் போடும். எதற்கு? சிவப்புடல் அழகியின் புழு வளர்வது ஆடுதீண்டாப்பாளைக் கொடியில். அந்தக் கொடியின் நஞ்சு புழுவின் உடம்பில் ஏறி, பூச்சியாகப் பறக்கும்போதும் கூடவே இருக்கும். ஒருமுறை தின்று பார்த்த பறவை அடுத்தமுறை கிட்டே வராது. அந்தப் பயத்தைத்தான் கறிவேப்பிலை அழகி இரவல் வாங்கிக்கொள்கிறது. அசலா போலியா என்று கண்டுபிடிக்க உடம்பைப் பாருங்கள்: அசலுக்கு உடம்பே சிவப்பு, போலிக்குக் கருப்பு. ஊரில் ஆடுதீண்டாப்பாளையே இல்லாமல் பண்ணிவிட்டால் இந்த வேஷத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

தேன்சிட்டு தேன் மட்டும்தான் குடிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் பாருங்கள், வாயில் புழுவும் சிலந்தியுமாகப் போய் வந்துகொண்டிருக்கும். தையல்சிட்டும் அப்படித்தான். புழு இல்லாத தோட்டத்தில் அதற்குக் குடும்பம் நடத்த வழி இல்லை.

அப்புறம், எது நம் மண்ணின் செடி என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. நர்சரியில் போய் 'நாட்டுச் செடி கொடுங்கள்' என்றால் செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் எடுத்து வைப்பார்கள். நித்தியகல்யாணி மடகாஸ்கரில் இருந்து வந்தது. சித்திரையில் தெருவையே சிவப்பாக்கும் மயிற்கொன்றையும் அங்கிருந்துதான். தூங்குமூஞ்சி மரமும் கொடுக்காப்புளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நாம் தலையில் தூக்கி வைத்திருக்கும் புளியமரமே ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது என்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு நிழல் தந்துகொண்டிருக்கும் தூங்குமூஞ்சியை நான் ஒருநாளும் வெட்டச் சொல்ல மாட்டேன். இனிமேல் குழி தோண்டும்போது அதில் எது போகிறது என்று யோசித்தால் போதும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தனவே, அந்த வாரம் தெருவில் நடந்துபோனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் எப்படிக் குறுக்கே கிடந்தன என்று. பூவரசும் புங்கமும் கடற்காற்றைப் பழகியவை.

இப்போது எனக்கு மிகவும் ஆத்திரம் வரும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தேதி.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். பள்ளி திறந்த வேகத்தில் விழா எடுத்து, கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொள்வோம். ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம், கே.எம்.முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது 1950-இல் தொடங்கியது. வடக்கே அப்போது மழை பிடித்துவிடும். கேரளத்திலும் சரி. நம் சோழமண்டலக் கரையில்? சென்னைக்கு வருடத்தில் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டுகிறது. ஜூனில் நட்ட கன்று நாலு மாதம் வெயிலில் நின்று காய வேண்டும். காய்ந்த குழியிலேயே அடுத்த ஜூனில் இன்னொரு கன்றை நடுவதும் நடக்கிறது. நானே நட்டிருக்கிறேன், பாவத்தை மறைப்பானேன். ஒரே குழியில் மூன்று தலைமையாசிரியர்கள் காலத்துக் கன்று.

காலாண்டுத் தேர்வு முடிந்து, ஆயுத பூஜை விடுமுறை கழிந்து, ஐப்பசியில் இரண்டு மழை இறங்கிய பிறகு நடுங்கள். மே மாத விடுமுறை வருவதற்குள் அந்தக் கன்று ஆறு ஏழு மாதம் வேர் விட்டிருக்கும். ஜூன் 5 அன்று என்ன செய்வது என்று கேட்டால், விதை சேர்க்கலாம். இலுப்பைப் பழம் அந்தச் சமயத்தில்தான் விழும். அதன் விதையைக் காயப்போட்டு டப்பாவில் எடுத்து வைத்தால் செத்துப்போகும், உடனே பையில் ஊன்றிவிட வேண்டும். நாவலும் வேம்பும் அதே ரகம். சரக்கொன்றை நேர் எதிர்: விதை கல் மாதிரி. சொரசொரப்பான தரையில் தேய்த்துவிட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்தால்தான் கண் திறக்கும். தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், போட்டி போட்டுக்கொண்டு தேய்ப்பார்கள்.

சுற்றுச்சுவர் இல்லாத பள்ளிக்கு ஆடு ஒரு பிரச்சினை. கம்பிவேலிக்குப் பணம் எங்கே? இதற்கு வழியை அந்தக் காலத்திலேயே செடியின் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆடுதீண்டாப்பாளை. ஆடாதோடை, அதாவது ஆடு தொடாதது என்று சொல்வார்கள். கூடவே நொச்சியும் எருக்கும். நொச்சியைப் போத்து வெட்டி மழைக்காலத்தில் நெருக்கமாக ஊன்றினால் அதுவே வேலி. வெளிச்சுற்றில் இவற்றை வைத்துவிட்டு, ஆட்டுக்குப் பிடித்த சமாச்சாரங்களை உள்ளே வையுங்கள். ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விளையாடும் பக்கம் எருக்கு வேண்டாம்.

தண்ணீருக்குத் தனியாக அலைய வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தட்டு கழுவும் குழாயடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மைதானத்தில் சேறாகித் தேங்கும். ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அதைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்து அரிசி களைந்த தண்ணீரில்தான் ஒரு மகிழமரம் வளர்ந்தது. விடுமுறையில் சமையல் அக்காதான் இரண்டு நாளைக்கு ஒரு குடம் ஊற்றுவார். மரத்தடியில் கல்வெட்டு வைத்தார்கள், அதில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது, அக்கா பெயர் இல்லை.

பூங்காக்களில் வேறு விதமான தொல்லை. விடியற்காலையில் சருகைக் கூட்டி மூலையில் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். அந்தச் சருகுக்குள் கூட்டுப்புழு இருக்கும், மண்புழுவுக்குத் தீனி இருக்கும். அதையே கன்றின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் போட்டால் தண்ணீர்ச் செலவும் குறையும். இதைச் சொன்னால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பாம்பு வரும் என்பார்கள். பயம் நியாயமானதுதான், சிரித்து ஒதுக்கக்கூடாது. நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒரு மூன்றடி வெறுமையாக விடுங்கள். உடைந்த ஓடு, கல் குவியல் வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தை எறியாதீர்கள், அதற்கு எலி வரும், எலிக்குத்தான் பாம்பு வரும்.

செய்ய முடியாத காரியம் இல்லை. சென்னையில் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம் மரப்பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிக் கிடந்த இடம். 2006-இல் இருந்து 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் மண்ணின் மரங்களாக வைத்து வளர்த்தது. 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவும், அதன் 58 ஏக்கரும், முன்பு கட்டட இடிபாடு கொட்டிய கழிமுகம்தான். எங்கள் பக்கம் என்றால், விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி ஏரிக்கரையில் நடுக்குப்பம் அரசுப் பள்ளியோடு ஆரோவிலில் பிச்சாண்டிக்குளம் காட்டை வளர்க்கிறவர்கள் சேர்ந்து வேலை செய்ததைச் சொல்லலாம்.

என்ன வைப்பது என்று தெரியாவிட்டால் பக்கத்துக் கோயில்காட்டைப் போய்ப் பாருங்கள். நான் ஒருமுறை எட்டாம் வகுப்பைக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கு அழைத்துப்போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே நுழைந்தால் இருட்டாக, குளிர்ச்சியாக இருக்கிறது. ஒரு குச்சியை ஒடிக்கவும் ஊர்க்காரர்கள் விடுவதில்லை, அதனால் காடு மிச்சமிருக்கிறது. வீரையும் காயாவும் களாவும் பின்னிக்கொண்டு நிற்கும். நாங்கள் போன அன்று காயா பூத்திருந்தது. கிளையை ஒட்டி, கொத்துக் கொத்தாக, இலைக்கு அடியில் ஒளித்து வைத்த மாதிரி ஒரு நீலம். "காயாம்பூ வண்ணன்னு பாடுறோமே, அதுவா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். நானும் ஐம்பது வயது வரை பாடிக்கொண்டுதான் இருந்தேன், பூவை அந்தப் பயணத்துக்குச் சில வருடங்களுக்கு முன்புதான் முதலில் பார்த்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

இப்போது என் வீட்டு மாடியில் பை நாற்றாக இருநூறு நிற்கின்றன. இலுப்பை நாற்பது, புங்கம் அறுபது, மீதி நெய்க்கொட்டானும் சரக்கொன்றையும். காயா ஏழே ஏழு. அது முளைத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அந்தக் குடத்துக் கறிவேப்பிலைக்காரப் பெண் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு காயா அவளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குழி தோண்டி ஆற விட அது போதும்.

நன்றி, வணக்கம்.