கெளுத்தி மீன வச்சு பைபிள் பாடமா? திருகோணமலைக் கரைவலைக்குள்ள ஒரு சண்டே ஸ்கூல்

[திரையில்: ஒரு வாளி மீன், சுத்திவர பிள்ளையள்ட கைகள்]

இந்த வாளிக்குள்ள சூடை இருக்கு, பாரை இருக்கு, கெளுத்தி, திருக்கை, நண்டு, கணவாய் எல்லாம் இருக்கு. இயேசு காலத்து கலிலேயா மீனவர் கையில இந்த வாளியக் குடுத்தா எதை வச்சிருப்பாங்க, எதைத் தூக்கி எறிவாங்க? வீடியோவ நிப்பாட்டிட்டு கமெண்ட்ல எழுதுங்க, பிறகு தொடர்ந்து பாருங்க.

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், திருகோணமலையில இருந்து பேசுறன். பொருளைக் காட்டி விசுவாசத்தச் சொல்லிக்குடுக்கிறது நேத்து வந்த விஷயமில்ல, பைபிள்ல எரேமியா தீர்க்கதரிசி மண்கலயத்த சனத்துக்கு முன்னால போட்டு உடைச்சார், யோசுவா யோர்தான் ஆத்துக்குள்ள இருந்து 12 கல்லு எடுத்து வைக்கச் சொன்னதே பின்னால பிள்ளையள் "இது என்ன கல்லு"ண்டு கேக்கணும் எண்டுதான். 7 வயசில இருந்து 11 வயசு மட்டும் பிள்ளையள் கண்ணால கண்டு கையால தொட்ட விஷயத்த வச்சுத்தான் நல்லா யோசிப்பாங்க எண்டு பியாஜே எண்ட உளவியலாளரும் சொல்லியிருக்கார். சரி, வரலாறு இவ்வளவு போதும்.

இப்ப இந்த மாதிரிப் பொருள் காட்டுற பாடத்த நெட்ல தேடினா அடிக்கடி வாறது அயடின் வித்தை. தண்ணிக்குள்ள அயடின் விட்டு கடும் மண்ணிறமாக்கி, இதுதான் பாவம் எண்டு சொல்லிட்டு, பிளீச் ஊத்தினதும் தெளிஞ்சிரும், பிள்ளையள் கை தட்டுவாங்க. எனக்கு இதுல துளியும் விருப்பமில்ல. வீட்ட போய் அம்மாட்ட கேளுங்க, பிள்ளை சொல்றது "தண்ணி வெள்ளையா மாறிச்சு" எண்டுதான், மன்னிப்பப் பத்தி ஒரு வார்த்தை வராது, அதோட குசினியில பிளீச் போத்தலத் தேடுற பிள்ளையும் இருக்கும். திரித்துவத்துக்கு, அதாவது பிதா, குமாரன், ஆவியானவர் மூண்டு பேரும் ஒரே தேவன் எண்டதுக்கு, தண்ணி, ஐஸ், ஆவி காட்டுறதும் அப்பிடித்தான், கிளாஸ்ல இருக்கிற தண்ணி ஒண்டு மாறித்தான் மத்தது ஆகுது, ஆனா இயேசு யோர்தான்ல ஞானஸ்நானம் எடுத்தப்போ, குமாரன் தண்ணியில இருந்து கரையேற, ஆவியானவர் புறாவப்போல இறங்க, பிதாவோட குரல் மேல இருந்து கேட்டிச்சு, மூண்டு பேரும் ஒரே நேரத்துல. அந்தக் கதைய அப்பிடியே சொன்னாலே காணும், ஐஸ் தேவையில்ல.

இப்ப நான் ஆசையா சொல்ல வந்த இடத்துக்கு வாறன்.

[திரையில்: கரைவலை இழுக்கிற ஆக்கள்]

மத்தேயு 13ஆம் அதிகாரம், 47ஆம் வசனத்தில இருந்து வாசிங்க. பரலோகராச்சியம் கடல்ல போட்ட வலை மாதிரி, எல்லா விதமான மீனும் அகப்படும், வலை நிறைஞ்சதும் கரைக்கு இழுத்து, உக்காந்து, நல்லத கூடையில போட்டு ஆகாதத எறிஞ்சிருவாங்க. இது எங்கட கரைவலையேதான்! கயித்துட ஒரு முனை கரையில நிக்கும், வள்ளம் அரைவட்டமாப் போய் வலைய விட்டுட்டு மத்த முனையோட திரும்பி வரும், ரெண்டு பக்கமும் ஆக்கள் அம்பா எண்ட மீனவர் பாட்டப் பாடிப் பாடி இழுப்பாங்க, கடைசியாத்தான் மீன் சேருற மடி கரைக்கு வரும். கலிலேயாவிலயும் கிட்டத்தட்ட இப்பிடித்தான் இழுத்தாங்க. அதோட கலிலேயாக் கடல் உப்புக்கடலே இல்ல, நன்னீர் ஏரி, 21 கிலோமீற்றர் நீளம், ஏறக்குறைய 13 கிலோமீற்றர் அகலம். கந்தளாய்க் குளத்தப் பாத்த பிள்ளைக்கு அதைவிட எவ்வளவோ பெரிய குளமெண்டு சொல்லிக்குடுங்க, டக்கெண்டு பிடிபடும்.

இப்ப வாளி. யூதருக்குக் குடுத்த சட்டத்தில, லேவியராகமம் 11ல, செட்டையும் செதிளும் இருக்கிற மீனைத்தான் சாப்பிடலாம் எண்டு இருக்கு. பிள்ளையள்ட கையில ஒரு பாரைக்குட்டியையும் ஒரு கெளுத்தியையும் குடுங்க. பாரையில பெருவிரல் நகத்தால வாலில இருந்து தலைப்பக்கம் சுரண்டச் சொல்லுங்க, பொடிச் செதிள் நகத்துக்குள்ள ஒட்டி மினுங்கும். பிறகு கெளுத்தியத் தடவச் சொல்லுங்க, வழுவழுண்டு வழுக்கும், சுரண்டினா ஒண்டும் வராது. கலிலேயா ஏரியிலயும் செதிளில்லாத கெளுத்தி இருக்கு, யூத மீனவருக்கு அது ஆகாத மீன். இப்ப உங்கட விடையப் பாருங்க, கெளுத்தி, திருக்கை, நண்டு, கணவாய் நாலும் வெளிய!

(கெளுத்திட முதுகிலயும் ரெண்டு பக்கச் செட்டையிலயும் இருக்கிற முள்ளு குத்தினா கடுமையா கடுக்கும், வகுப்புக்கு முதலே மீன்காரர்ட்ட சொல்லி முறிச்சு எடுத்துருங்க.)

உடனே ஒரு கேள்வி வரும் பாருங்க, "ரீச்சர், அப்ப நண்டுக்கறி சாப்பிட்டா பாவமா?" அதைத் தட்டிக்கழிக்காதீங்க, அதுதான் தங்கமான கேள்வி. அப்போஸ்தலர் 10ல, தீட்டான மிருகங்களையும் அடிச்சுச் சாப்பிடு எண்டு இயேசுட சீஷர் பேதுரு கண்ட தரிசனத்தச் சொல்லுங்க, தேவன் சுத்தமாக்கினத நீ தீட்டெண்டு சொல்லாத எண்டு கேட்ட பிறகுதான் அவர் கொர்நேலியு எண்ட, யூதரில்லாத புறசாதியார் வீட்டுக்குள்ளயே போறார். பேதுருவே ஒரு மீன்காரர், ஆகாத மீனை எத்தனை தரம் தூக்கி எறிஞ்சிருப்பார் எண்டு பிள்ளையளையே யோசிக்க விடுங்க.

இந்தப் பாடத்துல ஒரு இடத்த மட்டும் விட்டுறாதீங்க. வலை கடலுக்குள்ள நிக்கிறப்போ யாரும் மீனைப் பிரிக்கிறதில்ல, கரைக்கு வந்த பிறகுதான். அதையும் பிரிக்கிறது வலை இல்ல, மத்த மீனும் இல்ல, தேவதூதர் எண்டு இயேசுவே விளக்கம் சொல்றார். திருகோணமலையில ஒரே வாங்கில சைவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை எல்லாரும் இருக்கிறாங்க, எங்கட பிள்ளை வாளியப் பாத்துட்டு "நாங்க பாரை, அவன் கெளுத்தி" எண்டு போய்ச் சொன்னா அந்த ஞாயிறு வகுப்பு நடக்காமலே இருந்திருக்கலாம். அதனால எல்லா மீனையும் திரும்ப ஒண்டாப் போட்டு, "இப்ப நாங்க எங்க இருக்கிறம், கரையிலயா கடலுக்குள்ளயா?" எண்டு கேளுங்க. "கடலுக்குள்ள" எண்டு ஒரு பிள்ளை சொல்லும் மட்டும் பொறுமையா இருங்க, நீங்க முந்திச் சொல்லாதீங்க.

வாடைக் காலத்துல கடல் கொந்தளிக்கும், கரைவலை கிடைக்காது, அப்ப சந்தையில கலப்பு மீன் கொஞ்சம் வாங்கினாலே போதும். வகுப்பு முடிய கைய தேசிக்காய் போட்டுக் கழுவ விடுங்க, மீனை வெயில்ல விடாம ஆரும் கறிக்கு எடுத்துட்டுப் போங்க. மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கத்து ரீச்சர்மார், உங்கட வகுப்புல பிள்ளையள் கேட்ட கேள்விய கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோ அதுல இருந்துதான், சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்க.