கூப்பிட்டால் ஓடி வர

நேயர்களுக்கு வணக்கம். நாய் வளர்ப்பவர்கள் பலரும் முதலில் சொல்லித்தருவது ‘உட்கார்’. ஆனால், கதவு இடுக்கில் நழுவித் தெருவுக்குப் பாயும் நாயைத் திருப்பிக் கொண்டுவரும் சொல் ‘வா’. அந்தச் சொல்லைத்தான் நம்மை அறியாமலே கெடுத்து வைக்கிறோம். குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் ‘வா’. விளையாட்டை நிறுத்திக் கட்டிப்போடவும் ‘வா’. செருப்பைக் கடித்ததற்குத் திட்டவும் ‘வா’. வந்தால் வம்பு என்று நாய் கணக்குப் போட்டுவிடுகிறது. அதைத் திமிர் என்று நாம் சொல்கிறோம்!

எப்படிக் கற்கிறது என்பது ‘உட்கார்’ பழக்கும்போதே விளங்கிவிடும். முதலில் தின்பண்டம். பட்டாணி அளவு போதும். மெல்லாமல் விழுங்கும்படி மெத்தென்று இருக்கட்டும். கடக்முடக்கென்று மெல்ல வேண்டிய பிஸ்கட் என்றால், மென்று முடிப்பதற்குள் பாடம் மறந்துபோகும். நாள் முழுவதும் கொடுப்பது மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் கலந்தது எதுவும் வேண்டாம்; அவை நாய்க்கு நஞ்சு.

பண்டத்தை விரல் நுனியில் பிடித்து மூக்கருகே காட்டுங்கள். அங்கிருந்து கையைக் காதுகளுக்கு நடுவே, தலைக்கு மேலாக வால் பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தாழும். தரையைத் தொட்ட அந்தக் கணமே ‘சரி’ என்று சொல்லி, பண்டத்தைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று விநாடி தாமதித்தால், அதற்குள் எழுந்துவிட்ட நாய்க்கு எழுந்ததற்கான கூலியைக் கொடுத்ததாகிவிடும். நாய் துள்ளினால் கை மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். பின்னால் நகர்ந்துகொண்டே போனால், அதன் பின்னால் சுவர் இருக்கும்படி நிறுத்திப் பழக்குங்கள். இடுப்பை அழுத்தி உட்கார வைக்காதீர்கள்; அழுத்த அழுத்த அது எதிர்த்து நிற்கத்தான் கற்கும்.

ஏழெட்டு முறை சரியாக வந்ததும் வெறுங்கையால் அதே சைகை, பண்டம் மறு கையிலிருந்து. இதைத் தள்ளிப்போட்டால், கையில் தீனி இருக்கிறதா என்று பார்த்து உட்காரும் நாய்தான் மிஞ்சும். சொல்லே இப்போதுதான் வருகிறது. ‘உட்கார்’ என்று ஒரே ஒரு முறை சொல்லி, ஒரு நொடி விட்டு, பிறகு சைகை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் நாய் கையைத்தான் படிக்கும்; சொல் காதில் ஏறாது. அப்பா ‘உட்கார்’, அம்மா ‘உக்காரு’, பிள்ளைகள் ‘சிட்’ என்று ஆளுக்கொன்றாகச் சொல்லும் வீட்டில் நாய் குழம்பாமல் என்ன செய்யும்? ஒரு சொல்லை முடிவுசெய்து எல்லோரும் அதையே சொல்லுங்கள்.

இனி ‘வா’. பழைய சொல் கெட்டுப்போயிருந்தால் அதை விட்டுவிட்டு ‘இங்கே’ போன்ற புதுச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டதைச் செப்பனிடுவதைவிட அது சுலபம். சந்தடியில்லாத அறையில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்ததும் உற்சாகமாகச் சொல்லைச் சொல்லி, ஓரிரு அடி பின்வாங்கிக் குந்துங்கள். வந்ததும் முதலில் கழுத்துப்பட்டையை மென்மையாகத் தொடுங்கள், பிறகு பண்டம். இந்த வரிசை முக்கியம். மாற்றினால், வாயால் கவ்விக்கொண்டு கைக்கு எட்டாமல் ஓர் அடி தள்ளி நிற்கும் வித்தையை நாய் கற்றுக்கொள்ளும். கொடுத்தபின் உடனே விளையாட விட்டுவிடுங்கள்.

பத்துக்கு ஒன்பது முறை வந்தால்தான் வெளியே போகலாம். வெளியில் ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள இலேசான கயிறு தேவை. அதை மார்புப் பட்டையில் மாட்டுங்கள். ஓடும் வேகத்தில் கயிறு விறைத்தால் கழுத்து அடிபடக் கூடாது. வீட்டுக்குள் ஒழுங்காக வந்த நாய் இங்கே கேட்காத மாதிரி நிற்கும். இடமும் பாடத்தில் ஒரு பகுதி அதற்கு. மறுபடி இரண்டு மீட்டரிலிருந்து தொடங்குங்கள். வராவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். எதிர்ப்பக்கமாக நீங்கள் ஓடுங்கள், பின்னாலேயே வரும். பத்து நிமிடம் கழித்து வந்தாலும் கோபத்தை விழுங்கிக்கொண்டு பண்டத்தைக் கொடுங்கள்.

‘இரு’ பழக்கும்போது நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டாதீர்கள். இரண்டு விநாடியில் தொடங்கி, நீங்களே திரும்பிப் போய்ப் பண்டம் கொடுங்கள்.

ஒரு பாடம் மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. எட்டு வாரக் குட்டிக்கும் இது ஒத்துவரும். நன்றாகப் பழகிய நாய் ஒருநாள் திடீரென்று உட்காரத் தயங்கினால், பாடத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்கக்கூடும். வணக்கம்.