எங்களைக் கேட்காமல் எழுதிய சாசனம்

(கோத்தகிரியில் நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

போன மாதம் இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனிலிருந்து என் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, புது அரசியலமைப்பு வேணும்னு இங்க மறுபடியும் பேசுறாங்க. நாம ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா?" என்று கேட்டான். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு அந்த மலையில் இன்னும் சொந்தம் இருக்கிறது. அதனால் அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1972-இல் எனக்கு ஏழு வயது. சிலோன் இனிமேல் ஸ்ரீ லங்கா என்று கடை ரேடியோவில் அப்பா கேட்டுவிட்டு வந்தார். நமக்கு அது எப்போதும் இலங்கைதான். ஆனால் அன்று மாறியது பெயர் மட்டும் இல்லை. பழைய சாசனத்தில், அதாவது அரசியலமைப்பில், 29-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் போடக் கூடாது என்றது அந்தப் பிரிவு. அது இருந்தும் 1948-இல் தேயிலைத் தோட்டத் தமிழர்களான நம் பிரஜா உரிமையைப் பறித்தார்கள், நீதிமன்றத்திலும் நமக்கு வழி பிறக்கவில்லை. இருந்தாலும் எழுத்திலாவது ஒரு வேலி நின்றது. 1972-இல் அந்த வேலியும் போனது.

யார் எடுத்தார்கள்? 1970 தேர்தலில் ஜெயித்தவர்களே சாசனம் எழுதும் அரசியல் நிர்ணய சபையாக உட்கார்ந்தார்கள். அந்தத் தேர்தலில் என் அப்பாவுக்கு ஓட்டு இல்லை. 1947-இல் மலையகத்திலிருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சனம் நாம். 1952-இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாமல் தோட்டத்து லயத்து வீடுகளில் காத்துக் கிடந்த நேரத்தில்தான் கொழும்பில் சாசனம் எழுதினார்கள். தமிழரசுக் கட்சி 1971-லேயே சபையை விட்டு வெளியேறிவிட்டது. 1972 மே 22 அன்று சாசனம் நடைமுறைக்கு வந்தது. நாட்டு மக்களிடம் வேண்டுமா, வேண்டாமா என்று வாக்கெடுப்பே நடத்தவில்லை. 1978-இல் வந்த அடுத்த சாசனத்துக்கும் அதே கதைதான்.

அதற்குள் நாங்கள் ராமானுஜம் கப்பலில் ஏறி, தாயகம் திரும்பியோருக்கான மண்டபம் முகாமில் பதிந்து, இந்த மலைக்கு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கொழுந்து அதே கொழுந்து, குளிர் அதே குளிர்.

நம்மைப் போலவே தேயிலை விளைகிற கென்யாவைப் பாருங்கள். அங்கே 2005 நவம்பரில் புதுச் சாசனத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போடட்டும் என்று, "வேண்டும்" என்பதற்கு வாழைப்பழம், "வேண்டாம்" என்பதற்கு ஆரஞ்சு எனச் சின்னம் கொடுத்தார்கள். ஆரஞ்சு ஜெயித்தது. சுமார் 58 விழுக்காடு பேர், அரசாங்கமே முன்னின்று கேட்டும், வேண்டாம் என்றார்கள். அதற்குப் பின் 2007 தேர்தலை ஒட்டி நடந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த ரத்தம் காய்ந்த பிறகு வேறொரு வரைவு வந்தது. 2010 ஆகஸ்ட் 4 அன்று சுமார் 67 விழுக்காடு பேர் சரி என்றார்கள். முதலில் வேண்டாம் என்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தால்தான் சரி என்ற சொல்லுக்கு மதிப்பு.

நம் இந்தியச் சாசனத்துக்கும் வாக்கெடுப்பு நடக்கவில்லை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1948 பிப்ரவரியில் வரைவு வெளியாகி, சபை அதை விவாதிக்க எடுக்கும் முன் எட்டு மாதம் மக்கள் முன் கிடந்தது. பழங்குடிகளுக்காக ஜெய்பால் சிங் அந்தச் சபையில் நெஞ்சு நிமிர்த்திப் பேசினார். அப்படியிருந்தும் பழங்குடிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் இன்றுவரை ஒரு அடி நிலம் இல்லை. தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் பணியரும் வாழ்கிற மலையில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன். நமக்கு நடந்தது தெரிந்த நாம் அவர்கள் குரலுக்குக் காது கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்: "ஆதரவா எதிர்ப்பான்னு அப்புறம் பாரு. முழு வரைவும் தமிழ்ல உன் கைக்கு வந்துச்சான்னு கேளு. லயத்துல பொம்பளைங்க கொழுந்தை எடை போட்டுட்டு வந்து உட்கார்ந்து படிக்க எத்தனை மாசம் தர்றாங்கன்னு கேளு. அவசரப்படுத்தினா வேண்டாம்னு போடு. இப்ப இருக்கிற சாசனத்துலயே 83-ஆவது உறுப்புரை இருக்கு. சில பிரிவுகள்ல கை வைக்க மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம். 72-ல உங்க பெரியப்பாவைக் கேட்கல. இப்ப உன் கையில ஓட்டு இருக்கு."

அந்த மேஜையில் நம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதிகள் இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் குடியுரிமை பற்றிய பகுதியைச் சேர்ந்து வாசிக்கப் போகிறோம். 8-ஆவது பிரிவிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் பிறந்து, அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ இங்கே பிறந்து, வெளிநாட்டில் குடியிருந்தவர்களைப் பற்றியது அது. தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் யார் வீட்டில் இருந்தாலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.