ஹல்லாசான் பனிமலைக்குத் தனியாகப் போகிறேன்: 25வது மாடியிலிருந்து பேசுகிறேன்

வணக்கம் மக்களே! மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் பொறுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டில் இன்றைக்கு இது 18வது ஏற்றம்.

ஏன் 18? தென்கொரியாவின் ஜெஜூ தீவில் இருக்கிற ஹல்லாசான், 1,947 மீட்டர், அந்த நாட்டிலேயே உயரமான மலை. சொங்பானாக் பாதை ஏறக்குறைய 750 மீட்டரில் தொடங்குகிறது. மீதி 1,200 மீட்டரை 9.6 கிலோமீட்டர் நடந்து ஏற வேண்டும். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். அதனால்தான் படிக்கட்டு. மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால், 25 மாடியை 18 தடவை ஏறினால் கணக்கு சரியாக வரும். இறங்கும்போதும் லிஃப்ட் வேண்டாம். முட்டி வலி இறக்கத்தில்தான் வரும்.

கால் பழகிவிடும். என் கவலையெல்லாம் வியர்வை. இந்தச் சட்டையைப் பாருங்கள், பிழிந்தால் சொட்டும். இங்கே ஃபேனுக்கு அடியில் நின்றால் போதும். பனிக்காற்றில் ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் பருத்தி பனியனே கிடையாது. உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற சூட்டுச் சட்டை, மேலே காற்று புகாத ஜாக்கெட். லேசாகக் குளிரும்போதே நடக்கத் தொடங்கிவிட வேண்டும். வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றிவிடுவேன், நின்றதும் மாட்டிக்கொள்வேன்.

அப்புறம் இது, ஐஸென். பனியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு மேல் மாட்டுவது. ரப்பர் வளையம், சங்கிலி, கீழே இரும்பு முட்கள். கடையில் போட்டுப் பார்த்தபோது சுலபமாக இருந்தது. நேற்று ஐஸ் வாளியில் இரண்டு நிமிடம் கையை வைத்துவிட்டு மாட்டிப் பார்த்தேன். விரல் மரத்துப்போய், ரப்பர் குதிகாலுக்கு வரவே இல்லை. கூட யாராவது இருந்தால் இழுத்துவிடுவார்கள். தனியாகப் போகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் குதிகால் பக்கம் ஒரு கயிற்று வளையம் கட்டினேன். இப்போது கையுறையோடே இழுக்க முடிகிறது, பாருங்கள்.

தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைக்கப் போகிறேன். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அப்படி வைத்தால் மூடி அடைக்காது. ஃபோன் சட்டைக்குள்ளே, உடம்போடு ஒட்டி. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

மலையேற முன்பதிவு செய்தாயிற்று. அம்மாவுக்குப் பாதையின் பெயர், நான் திரும்பும் நேரம், அங்கத்து அவசர எண் 119, எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிடுவேன். அம்மாவுக்குச் சத்தியம் செய்துவிட்டேன்.

சரி, இறங்குகிறேன். அடுத்த காணொளியில் பையைக் கட்டுவோம்.