கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். பிரித்தானியத் தொலைக்காட்சியின் பழைய அறிவியல் புனைகதை நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, படமே காட்ட முடியாத வானொலியில் தொலைக்காட்சியைப் பற்றி என்ன பேசுவது என்று முதலில் தயங்கினேன். யோசித்துப் பார்த்ததில், இதைவிடப் பொருத்தமான இடம் அவற்றுக்குக் கிடைக்காது என்று தோன்றியது. ஏனென்றால், அவற்றுள் எனக்கு மிகப் பிடித்த இரண்டும் வானொலியில் பிறந்தவை.

முதலாவது, டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி'. 1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிபிசி ரேடியோ 4இல் ஒலிபரப்பாகத் தொடங்கிய இந்நாடகம், 1981இல் பிபிசி 2இல் ஆறு பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. புறவழிச்சாலை போடுவதற்காகத் தன் வீட்டை இடிக்க வந்த புல்டோசருக்கு முன்னால், உடுத்தியிருந்த வீட்டு அங்கியோடு சேற்றில் படுத்துக்கொள்கிறார் ஆர்தர் டென்ட். அதே நாளில், விண்வெளியில் ஒரு புறவழிச்சாலை அமைப்பதற்காகப் பூமியையே இடிக்க வேற்றுக்கோளினர் வந்து சேர்கிறார்கள். திட்ட வரைபடங்கள் ஆல்ஃபா சென்டாரியில் உள்ள அலுவலகத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தனவே, ஆட்சேபணை இருந்தால் அப்போதே தெரிவித்திருக்கலாமே என்பது அவர்களுடைய வாதம். அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய எவருக்கும் இந்த நகைச்சுவை புரிவதற்குப் படம் தேவையில்லை.

தொலைக்காட்சி வடிவத்தில் பீட்டர் ஜோன்ஸின் நிதானமான குரல் விளக்கம் சொல்லிக்கொண்டு போகும்போது, திரையில் கணினி வரைந்தது போன்ற எழுத்துகளும் கோட்டுப் படங்களும் ஓடும். உண்மையில் அவை கணினி வரைந்தவை அல்ல. ராட் லார்டும் அவருடைய குழுவினரும் மரபான அனிமேஷன் முறையில் கையால் செய்தவை. எதிர்காலத்துக் கணினியைக் காட்டுவதற்குப் பழங்காலத்துத் தூரிகையை நாடிய அந்தச் சிக்கனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இரண்டாவது, ராப் கிராண்ட், டக் நெய்லர் என்ற இருவர் எழுதிய 'ரெட் டுவார்ஃப்'. விண்கலம் ஒன்றில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட மனிதனையும் அவனோடு பேசும் ஹாப் என்ற கணினியையும் பற்றி இவர்கள் முதலில் ரேடியோ 4க்குச் சிறு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்த தொடர் 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கப்பலின் கணினியான ஹோலியைக்கூட முதலில் வெறும் குரலாகத்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பாத்திரத்துக்கு வந்த நார்மன் லவெட் விடாமல் கேட்டுத்தான் தம் முகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

கதை இதுதான். சுரங்கக் கப்பல் ஒன்றில் மிகக் கீழ்நிலைப் பணியாளனான டேவ் லிஸ்டர், சினையாக இருந்த பூனை ஒன்றைத் திருட்டுத்தனமாகக் கப்பலில் வளர்த்ததற்காகத் தண்டனையாகக் காலம் உறைந்த அறையில் அடைக்கப்படுகிறான். இடையில் கதிர்வீச்சுக் கசிந்து மற்ற அனைவரும் இறந்துவிட, ஆபத்து நீங்கி அவன் வெளியே வரும்போது முப்பது லட்சம் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவனுக்குத் துணையாக, அந்தப் பூனையின் வழித்தோன்றலாகப் பரிணமித்து, கண்ணாடியை விட்டு நகராத ஆடம்பரக்காரன் ஒருவன் இருக்கிறான். இறந்துபோன மேலாளர் அர்னால்ட் ரிம்மரும் ஹாலோகிராமாக, ஒளியுருவாக, உடன் இருக்கிறான்.

மேலாளர் என்று சொன்னேன்; ஒரே ஒரு படி மேல், அவ்வளவுதான். சூப் தரும் இயந்திரத்தின் குழாய் அடைத்துக்கொண்டால் சரிசெய்வதுதான் இருவருக்கும் வேலை. அதிகாரியாகும் ஆசையில் தேர்வுக்குப் போன ரிம்மர், விடைத்தாளில் 'நான் ஒரு மீன்' என்று நானூறு முறை எழுதிவிட்டு மயங்கி விழுந்தவன். மனித இனமே இல்லாமல் போன பிறகும் அவன் தன் பதவியை விட்டுக்கொடுப்பதில்லை. எதிரே இருப்பது ஒரே ஆள். அந்த ஆளும் ஒழுங்காக வணக்கம் வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். வர்க்க வேறுபாட்டை இங்கிலாந்து எவ்வளவு ஆழமாக எலும்புக்குள் வைத்திருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன நகைச்சுவையை நான் பார்த்ததில்லை.

1993இல் வந்த 'ரெட் டுவார்ஃப்' ஆறாவது பருவத்துக்குப் பிறகு ராப் கிராண்ட் விலகினார். அடுத்த பருவத்தை, அரங்கில் பார்வையாளர்கள் இல்லாமலேயே படம்பிடித்தார்கள். படம் பளபளப்பாயிற்று, வசனத்தின் தாளம் தளர்ந்தது என்பது என் கருத்து. எதிரே அமர்ந்து சிரிப்பவர்கள் இருந்தால்தான் நடிகருக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியும்.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் 1989இல் வந்த மூன்றாவது பருவத்தின் 'மரூண்ட்' என்ற பகுதியிலிருந்து தொடங்கலாம். லிஸ்டரும் ரிம்மரும் பனி மூடிய கோள் ஒன்றில் சிறு கலத்தோடு சிக்கிக்கொள்கிறார்கள். பெரும்பகுதியும் ஒரே அறையில் இருவர் பேசிக்கொண்டிருப்பதுதான். நாய்க்கான டின் உணவைக்கூடச் சாப்பிட வேண்டியிருக்கிறது. குளிருக்கு ஒவ்வொரு பொருளாக எரிக்க வேண்டியிருக்கிறது. லிஸ்டருக்கு உயிரான கிதாரும், ரிம்மருக்குத் தந்தை கொடுத்த கற்பூர மரப் பெட்டியும் எஞ்சுகின்றன. கிதாரை எரிக்க மனமில்லாத லிஸ்டர், அந்தப் பெட்டியின் பின்பலகையைக் கிதார் வடிவத்தில் அறுத்தெடுத்து எரித்துவிட்டு, கிதாரையே தியாகம் செய்ததாக நடிக்கிறான். ரிம்மர் நெகிழ்ந்துபோய், தான் பொக்கிஷமாகக் காத்துவந்த போர்வீரர் பொம்மைகளைத் தானும் நெருப்பில் போடச் சொல்கிறான். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவன் தனக்காக விட்டுக்கொடுத்தான் என்று நம்பும் அந்த மனிதனை, ரிம்மராக நடித்த கிறிஸ் பேரி, குரலில் ஒரு சிறு தயக்கத்தை வைத்தே நமக்குக் காட்டிவிடுகிறார். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் குறையாது. மீட்கப்படும் வேளையில் ரிம்மரின் பார்வை அந்தப் பெட்டியின் பின்பக்கம் போகும்போது மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

வணக்கம்.