இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற கேள்வி, ஒரே ஊரில் பிறந்து வளர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு அவ்வளவாக எழுவதில்லை. இருக்கிற வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போன என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது தலைவலி. பிறந்த நாடு ஒன்று, பிழைத்த நாடு ஒன்று, பிள்ளைகள் இருக்கும் நாடு இன்னொன்று. போதாததற்கு, வெயில் நிறைய, வரி குறைவு என்று விளம்பரம் செய்யும் நாலாவது நாடு வேறு.

38 ஆண்டு வெளிநாட்டு வேலை முடிந்த வாரத்தில் நானும் மனைவியும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். தட்பவெப்பம், வாடகை, வரி, மருத்துவமனை, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். பிறந்த நாடு அமோகமாக ஜெயித்தது. சரி, ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்போம் என்று கிளம்பினோம். இருந்த வீட்டை விற்காமல் கிளம்பினோம். நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

விடுமுறைக்குப் போகும்போது நாம் விருந்தாளி. நமக்காக லீவு போடுவார்கள். குடியிருக்கப் போனால், பத்தாவது நாளே அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் வாடகை கட்ட வேண்டும். பணம் எல்லாம் பழைய நாட்டு வங்கியில். செயலியில் விவரங்களை நிரப்பி அழுத்தினால், உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அந்த எண்ணின் சேவையைச் செலவு மிச்சம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். எண்ணை மாற்றச் சொல்லி வங்கிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்த பிறகு ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எண்ணை மாற்றுவது நீங்கள்தான் என்று உறுதி செய்ய, பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்புகிறோம் ஐயா." அந்த மாத வாடகையை என் மைத்துனர் கட்டினார். அறுபத்து நாலு வயதில் மைத்துனரிடம் வாடகைக்குக் கை நீட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

பென்ஷனும் இப்படித்தான், நம் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்திருப்போம். வரும். ஆனால் போகிற எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி வராது. பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்குபவர் அமெரிக்காவில் குடியேறினால் ஆண்டுதோறும் உயர்வு உண்டு. கனடாவில் குடியேறினால் கிடையாது, அன்று இருந்த தொகையிலேயே நின்றுவிடும். நயாகரா அருவிக்கு இந்தக் கரையில் இருப்பவருக்கு ஏறும், அந்தக் கரையில் இருப்பவருக்கு ஏறாது. கட்டிய சந்தா இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தில் வேறு கணக்கு. 18 வயதுக்குப் பின் 20 ஆண்டாவது அங்கே வாழ்ந்திருந்தால்தான், பொதுவாக, வெளிநாட்டிலும் தொடர்ந்து வரும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் நிறுத்திவிடுவார்கள். பத்தொன்பதாவது ஆண்டில் பெட்டி கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கையைப் பிடித்து உட்கார வைக்கத் தோன்றும்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, சில விதிவிலக்குகள் போக, அந்த நாட்டு எல்லையோடு சரி. மருந்து மாத்திரை அதிகமாகிற வயதில்தான் இது உறைக்கும்.

வரிச் சலுகையைப் பார்த்து நாடு தேர்ந்தெடுப்பவர்களுக்குப் போர்ச்சுகல் நல்ல பாடம். வெளிநாட்டிலிருந்து குடியேறுவோருக்கென்று 2009-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு வரி இல்லாமல் வாழ வழி கிடைத்தது. 2020-இல் புதிதாக வருவோருக்கு 10 சதவீதம் போட்டார்கள். 2024-இல் திட்டத்தையே புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். முதலிலேயே போனவர்களுக்கும் சலுகை பத்து ஆண்டுகளுக்குத்தான். 65 வயதில் போனவருக்கு 75-இல் முடியும். இன்னொரு தடவை வீடு மாற்றத் தெம்பில்லாத வயது.

எங்கள் பட்டியலின் கோளாறும் இதுவே. மதிப்பெண் போட்டவர்கள் மாடிப்படியில் தாவி ஏறுகிற, கார் ஓட்டுகிற, இரண்டு பேராக இருக்கிற நாங்கள். அந்த வீட்டில் வாழப்போவது எண்பத்திரண்டு வயதில் ஒருவர் மட்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் மனைவிதான். ஒரு ராத்திரி எனக்கு நெஞ்சு எரிச்சல். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு மணிக்கு அது தெரியாதல்லவா? யாரைக் கூப்பிடுவது என்று அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் ஒரு நோட்டை எடுத்து, இரவு இரண்டு மணிக்குத் தயங்காமல் கூப்பிடக்கூடியவர்கள் பெயரை நாடு வாரியாக எழுதினாள். பிறந்த நாட்டில் ஒரே பெயர், அவள் தம்பி. மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது எங்களைப் போலவே வெளிநாட்டில் இருக்கிறார்கள். மகள் இருக்கும் ஊரிலும் ஒரே பெயர், மகள். அவளும் ஐந்து வருடத்தில் மூன்று ஊர் மாறியவள். பிழைத்த நாட்டில் ஐந்து பெயர். அதில் இரண்டு, ஒரே தெருவில் இருபது வருடம் குடியிருந்ததைத் தவிர எங்களோடு எந்த உறவும் இல்லாதவர்கள்.

அப்படியானால் திரும்பிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? எனக்கு ஒரு விஷயம் இடித்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், முப்பது வருடம் அந்த நாட்டு மொழியில் கூட்டங்கள் நடத்தியவர். மறதி நோய் வந்து முதியோர் இல்லத்தில் இருந்தார். பார்க்கப் போனபோது, "தண்ணி வேணும், தண்ணி வேணும்" என்று நர்ஸிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அன்பாகச் சிரித்து, போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனார். மறதி நோய் வந்தவர்கள் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் கழன்று, தாய்மொழி மட்டும் மிஞ்சும். குடியேறியவர்களின் முதுமையில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

கடைசியில் பிழைத்த நாட்டுக்கே திரும்பினோம். பழைய வீட்டுக்கு அல்ல. அதில் படுக்கையறைக்குப் பதினாறு படி. அதை விற்று, பழைய தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில், லிஃப்ட் உள்ள, வாசலிலேயே பேருந்து நிற்கிற ஒரு சின்னக் குடியிருப்பு. அக்கம்பக்கத்தில் தமிழ் பேசுகிற இரண்டு நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துத்தான் வாங்கினோம். தரகர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்புறம் மனைவி இன்னொன்று சொன்னாள். "நீங்க ஒரு மாசம் எங்கேயாவது போயிட்டு வாங்க. நான் இங்க தனியா இருந்து பார்க்கிறேன்." கேட்கச் சங்கடமாக இருந்தது. போனேன். திரும்பி வந்தபோது மின்பெட்டியின் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. வரிப் படிவம் இருக்கும் கோப்பு எது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் என் முறை. மகள் வீட்டுக்கு அவள் போய்விட்டாள். இரண்டாம் நாளே துணி துவைக்கிற இயந்திரம் என்னைத் தோற்கடித்தது. நாலாம் நாள் வங்கிச் செயலியில் மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தேன். ஓடிபி வரவில்லை. நான் இல்லாத மாதத்தில் கணக்கில் தன் எண்ணையும் சேர்த்து, ஓடிபி அதற்கு வருகிற மாதிரி மாற்றிவிட்டிருந்தாள். போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் ஆறு இலக்கத்தையும் படித்துச் சொல்லிவிட்டு, அங்கே மணி இரண்டு என்றாள்.

வணக்கம்.