சோதனைக்குழாய் பிடித்த துணைவேந்தர்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போகிற மனிதருக்கு வேதியியல் வரலாற்றில் பெரிய இடம் கிடையாது. அவர் பெயரில் ஒரு வினை இல்லை, ஒரு விதி இல்லை. ஆராய்ச்சியில் அவரைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். அதனாலேயே தான் ஆசைப்பட்ட பேராசிரியர் பதவி கை நழுவிப் போனது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு ஆறே வருடத்தில் அவரைத் தேடி வந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் துணைவேந்தர் பதவி. அதில் அவர் நாற்பது ஆண்டுகள் இருந்தார். பல்கலைக்கழகம் ஹார்வர்டு. அவர் பெயர் சார்ல்ஸ் வில்லியம் எலியட்.

நான் வேதியியல் ஆசிரியை. எலியட்டைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியான ஒரு எண்ணம் உண்டு. அவர் ஹார்வர்டை மாற்றியதற்கு வேர், அவர் மாணவராக நின்ற ஒரு ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த வேரைத்தான் இன்று கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

எலியட் 1834இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். வசதியான குடும்பம். முகத்தின் ஒரு பக்கத்தில் பெரிய சிவந்த மச்சம் பிறவியிலேயே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் என்ன பாடுபடுத்தியிருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஹார்வர்டில் சேர்ந்தபோது அங்கே பாடம் நடந்த விதம் இதுதான்: மாணவர் பாடப்புத்தகத்தின் பக்கங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு வர வேண்டும், ஆசிரியர் கேட்பார், மாணவர் ஒப்பிப்பார், ஆசிரியர் மதிப்பெண் போடுவார். லத்தீனுக்கும் அப்படி, கிரேக்கத்துக்கும் அப்படி, கணக்குக்கும் அப்படி.

அங்கே ஜோசையா குக் என்று ஒரு இளம் பேராசிரியர் இருந்தார். வேதியியலைப் பெரும்பாலும் தானே படித்துத் தேறியவர். கல்லூரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனக்கென்று ஒரு சிறு ஆய்வகம் வைத்திருந்தார். இளநிலை மாணவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. எலியட்டை மட்டும் உள்ளே விட்டார். மற்ற பிள்ளைகள் எல்லாம் மேலே ஒப்பித்துக்கொண்டிருக்க, ஒரு பையன் கீழே அடுப்பையும் குழாயையும் வைத்துக்கொண்டு, விடை தெரியாத கேள்வியோடு நிற்கிறான். அந்த அனுபவம் அவரை விட்டுப் போகவே இல்லை.

இந்த இடத்தில் நேயர்கள் பள்ளி ஆய்வகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ‘சால்ட்’ என்று சொல்வோமே, அந்தப் பொடியைக் கையில் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லும் பரீட்சை. நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க, உப்புக் கரைசலோடு அப்போதே கரைத்த பெரஸ் சல்பேட்டைக் கலந்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை ஓரமாக, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் எல்லாம் கலந்துபோகும். நிதானமாக விட்டால், உப்பில் நைட்ரேட் இருந்தால், இரண்டு அடுக்குகளும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் விழும். எங்கள் மகளிர் கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகள் அந்த வளையம் வருகிற நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். “மேடம், வந்துடுச்சு!” என்று கத்துகிற குரலில் இருக்கிற சந்தோஷம், புத்தகத்தில் அதே வரியைப் படிக்கிறபோது வராது. எலியட்டுக்குக் கிடைத்தது அந்தச் சந்தோஷம்தான். அதை ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும் பகிர்ந்து கொடுக்க முடியுமா என்பதே அவருடைய வாழ்நாள் வேலையாக ஆனது.

படிப்பு முடித்ததும் ஹார்வர்டிலேயே கணக்கு கற்பிக்கும் வேலை. 1858இல் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் உதவிப் பேராசிரியர். அந்த வருடம் நடந்த படகுப் போட்டியில் அவரும் துடுப்புப் போட்டார். தங்கள் படகுக்காரர்களைக் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று தலையில் கட்டிக்கொள்ளச் சிவப்புக் கைக்குட்டைகள் வாங்கிக் கொடுத்தார். ஹார்வர்டின் அடையாள நிறமான அந்தக் கருஞ்சிவப்பு அங்கிருந்துதான் வந்தது.

இதற்குள் குடும்பம் நொடித்துப் போயிருந்தது. 1857இன் பொருளாதார நெருக்கடியில் அவருடைய தந்தை சொத்தை இழந்தார். எலியட்டுக்கு மனைவி, குழந்தைகள். 1863இல் ரம்ஃபோர்டு பேராசிரியர் பதவி காலியானது. வேதியியலில் அன்று அங்கே இருந்த பெரிய நாற்காலி அதுதான். ஆய்வகத்தை நடத்திக்கொண்டிருந்த தனக்கு அது கிடைக்கும் என்று எலியட் எதிர்பார்த்தார். பதவி வுல்காட் கிப்ஸுக்குப் போனது.

நியாயமாகப் பார்த்தால் கிப்ஸைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. கோபால்ட் அமோனியா சேர்மங்களில் ஆழமான வேலை செய்தவர் அவர். மின்சாரத்தால் தாமிரத்தைப் படியவைத்து எடை பார்க்கும் முறையை அடுத்த ஆண்டே வெளியிட்டார். அந்த முறையின் வழிவந்ததை நான் என் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எலியட்டிடம் காட்ட அப்படி ஒன்றும் இல்லை. அவர் நல்ல வாத்தியார், நல்ல நிர்வாகி. அவ்வளவுதான்.

வேலை போனது. எலியட் கடன் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, தாத்தா விட்டுப்போன பணத்தையும் சேர்த்துக்கொண்டு, குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு வருடம் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பள்ளிகள், தொழிற்கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் என்று நுழைந்து நுழைந்து பார்த்தார். வேதியியல் ஆய்வகங்களை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது, எழுத்தர் என்ன வேலை செய்கிறார், வாயில்காப்போன் வரைக்கும் யாருக்கு என்ன பொறுப்பு என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய துணி ஆலையிலிருந்து மேலாளர் வேலைக்கு அழைப்பு வந்தது. வருடம் 5000 டாலர் சம்பளம், வாடகையில்லாத வீடு. நண்பர்கள் எல்லாம் ஒப்புக்கொள் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். கையில் காசில்லாத குடும்பத்தலைவர் எடுத்த முடிவு இது என்பதை நாம் மறக்கக் கூடாது.

1865இல் எம்.ஐ.டி. அப்போதுதான் வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. அங்கே பகுப்பாய்வு வேதியியல் பேராசிரியரானார். நண்பர் பிரான்சிஸ் ஸ்டோரரோடு சேர்ந்து ஒரு பாடநூல் எழுதினார். அந்த நூலைப் புரட்டினால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான். தத்துவம் முதலில், சோதனை பிறகு என்ற வரிசையை அது தலைகீழாக்கியது. மாணவர் தானே செய்து பார்த்து, அதிலிருந்து விதிக்கு வர வேண்டும். பின்னிணைப்பில் கண்ணாடிக் குழாயை எப்படி அறுப்பது, தீயில் காட்டி எப்படி வளைப்பது என்றெல்லாம் பக்குவம் சொல்லியிருக்கிறார்கள். விலையுயர்ந்த கருவி இல்லை என்று எந்தப் பள்ளியும் சாக்குச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அத்தனை அக்கறை.

1869இல் ஒரு மாத இதழில் புதிய கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு பகுதிகளாக ஒரு கட்டுரை எழுதினார். அதே வேளையில் ஹார்வர்டு ஒரு புதிய தலைவரைத் தேடிக்கொண்டிருந்தது. அதுவரை அந்த நாற்காலியில் பெரும்பாலும் மதகுருமார்களே உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது வேதியியல்காரர் என்றதும் மேற்பார்வைக் குழு முதலில் முகம் சுளித்தது. இழுபறிக்குப் பிறகே ஒப்புதல் கிடைத்தது. அந்த வருட மார்ச் மாதத்தில் அவர் மனைவி எலன் இறந்துபோனார். இரண்டு சிறு பையன்களோடு அந்தப் பொறுப்புக்கு வந்தார் எலியட்.

அக்டோபரில் நடந்த பதவியேற்பு உரையில், மொழியா அறிவியலா, கணிதமா தத்துவமா என்று நடக்கும் சண்டையில் நமக்கு வேலை இல்லை என்றார். எல்லாமே வேண்டும், எல்லாமே மிகச் சிறந்த நிலையில் வேண்டும் என்றார்.

அவர் முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று மருத்துவப் பள்ளி. அன்றைக்கு அங்கே இருந்த நிலைமையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இறுதித் தேர்வு வாய்மொழித் தேர்வு. ஒன்பது பேராசிரியர்கள், ஆளுக்குச் சில நிமிடங்கள். ஒன்பதில் ஐந்து பேர் சரி என்று சொன்னால் டாக்டர் பட்டம். அதாவது நான்கு துறைகளில் ஒன்றும் தெரியாமலேயே ஒருவர் நோயாளியைத் தொடலாம். எலியட் எழுத்துத் தேர்வு வேண்டும் என்றார். ஹென்றி பிகலோ என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்ன காரணம், மாணவர்களில் பாதிப்பேருக்கு மேல் சரியாக எழுதவே வராது, எழுத்துத் தேர்வில் எப்படித் தேறுவார்கள் என்பது! ஒரு கூட்டத்தில், எண்பது வருடமாக நன்றாக நடக்கிற பள்ளியை இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்று கேள்வி எழுந்தது. “இப்போது ஒரு புதிய தலைவர் இருக்கிறார்” என்று எலியட் அமைதியாகப் பதில் சொன்னாராம். 1871 முதல் மூன்றாண்டுப் படிப்பு, எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, வேதியியலிலும் உடலியலிலும் கட்டாய ஆய்வக வேலை. தொடக்கத்தில் சேர்க்கை குறைந்தது. அவர் பின்வாங்கவில்லை.

சட்டப் பள்ளிக்கு 1870இல் கிறிஸ்டோபர் லாங்டெல் என்பவரைக் கொண்டுவந்தார். லாங்டெல் விரிவுரையை விட்டுவிட்டு, பழைய வழக்குகளின் தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்தார். சட்டக் கோட்பாடு என்ன என்பதை அவர்களே அதிலிருந்து தேடி எடுக்க வேண்டும். வேதியியலாளருக்கு ஆய்வகம் எப்படியோ, எங்களுக்கு நூலகம் அப்படி என்று லாங்டெல் பின்னாளில் சொன்னார். வகுப்பிலிருந்து மாணவர்கள் நழுவினார்கள், பலரும் கேலி செய்தார்கள். எலியட் அவர் பக்கமே நின்றார். இன்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் வழக்கமான முறையே அதுதான். தீர்ப்பை மாணவர் கையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்வது எனக்கு ‘சால்ட்’ கொடுப்பது போலவே தெரிகிறது.

இளநிலைப் படிப்பில் அவர் செய்ததுதான் பெரும் புயலைக் கிளப்பியது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம் என்பதைப் படிப்படியாகத் தளர்த்தி, மாணவரே பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கினார். 1890களில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரையைத் தவிரக் கட்டாயம் என்று அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. நம் கல்லூரிகளில் பிள்ளைகள் இன்று ‘எலக்டிவ்’ எடுக்கிறார்களே, அந்த எண்ணத்துக்கு மிகப் பெரிய வழக்கறிஞர் இவர். ஆனால் எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. அடிப்படையைத் தாண்டாத மாணவர் சுலபமான பாடமாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஹார்வர்டிலும் அதுதான் நடந்தது. அவருக்கு அடுத்து வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரப்பு என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். ஆய்வகத்தில்கூட முதல் நாளே பிள்ளையை அமிலப் புட்டியோடு தனியாக விட மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாமே வேண்டும் என்ற அதே பதவியேற்பு உரையில், பெண்களின் இயல்பான அறிவாற்றலைப் பற்றி உலகத்துக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது என்று சொல்லி, ஹார்வர்டு கல்லூரியில் அவர்களுக்கு இடமில்லை என்றார். சோதித்துப் பார் என்று எல்லோருக்கும் சொன்ன மனிதர், இந்த ஒரு விஷயத்தில் சோதனையையே நடத்த விடவில்லை. ஹார்வர்டு ஆசிரியர்கள் தனியாகப் போய்ப் பெண்களுக்கு வகுப்பெடுத்தார்கள். அது 1894இல் ராட்கிளிஃப் கல்லூரி ஆனது. அந்தப் பட்டங்களில் ஹார்வர்டு தலைவர் என்ற முறையில் எலியட் கையெழுத்துப் போட்டார், ஆனால் பட்டம் ஹார்வர்டு பட்டம் இல்லை. பெண்களுக்கு வேதியியல் கற்பித்து வாழ்ந்தவள் நான். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, பழைய போட்டியாளர் கிப்ஸ். 1871இல் வேதியியல் கற்பித்தல் முழுவதையும் கல்லூரியில் குக்கின் கீழ் ஒன்றாக்கினார்கள். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றார்கள். விளைவு, நாட்டின் தலைசிறந்த வேதியியலாளர்களில் ஒருவரான கிப்ஸுக்கு வேதியியல் மாணவர்களும் ஆய்வகமும் இல்லாமல் போனது. ஒளி, வெப்பம் என்று இயற்பியல் பக்கம் பாடம் நடத்தினார். பழைய கசப்பு எலியட்டிடம் வேலை செய்ததா என்று மனசுக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு அது பெரிய இழப்பு. கற்பித்தலின் அருமை தெரிந்த அளவுக்கு ஆராய்ச்சியின் அருமை அன்றைய எலியட்டுக்குத் தெரியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

முப்பது வருடம் கழித்து அவர் வேறு மனிதராக நடந்துகொண்டார். குக்கின் மாணவர் தியோடோர் ரிச்சர்ட்ஸ் அணு எடைகளை அதுவரை யாரும் எட்டாத நுட்பத்தோடு அளந்துகொண்டிருந்தார். 1901இல் ஜெர்மனியின் கட்டிங்கன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. வேதியியல் கற்க அமெரிக்கர்கள் ஜெர்மனிக்குப் போன காலத்தில், ஓர் அமெரிக்கரை ஜெர்மானியர்கள் அழைக்கிறார்கள்! எலியட் அவரை முழுப் பேராசிரியராக்கி ஹார்வர்டிலேயே தக்கவைத்துக்கொண்டார். 1914ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ரிச்சர்ட்ஸுக்குக் கிடைத்தது. வேதியியலில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்.

எலியட் 1909இல் பதவி விலகினார். அப்போது ஹார்வர்டில் ஏறத்தாழ 4000 மாணவர்கள். அவர் வந்தபோது இருந்தது ஆயிரம் சொச்சம். பிறகு ரிச்சர்ட்ஸுக்கென்று ஹார்வர்டு ஒரு தனி ஆய்வகம் கட்டிக் கொடுத்தது. அணு எடைகளை அவர் தொடர்ந்து அளந்த அந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர், வுல்காட் கிப்ஸ் நினைவு ஆய்வகம்.

வணக்கம்.